புளி போட்டுத் தேய்த்த ரூபாய்கள்

பழைய வெள்ளி ரூபாயை உள்ளங்கையில் வைத்து இறுக மூடி, சற்று நேரம் கழித்துத் திறந்து மூக்கருகே கொண்டுபோனால் ஒரு வாசனை வரும். மழை நின்ற பிறகு கருங்கல் தரையிலிருந்து எழும் ஆவிக்கும் வெந்நீர் அண்டாவின் விளிம்புக்கும் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு வாசனை. இன்றைக்கும் யாராவது பீரோவில் கிடந்தது, பாட்டனார் வைத்துவிட்டுப் போனது என்று ஒரு காசைக் கொண்டுவந்து நீட்டினால் நான் முதலில் செய்வது அதைத்தான்; மூக்குக் கண்ணாடியைத் தேடுவது அப்புறம்.

பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்த நாட்கள் அநேகம். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான், தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டியிருந்தது, படிப்பு அதோடு நின்றது. ஆகையால் நாலு பேர் பேசுகிற இடத்தில் வாயைத் திறக்க எப்போதும் ஒரு தயக்கம். ஆனால் ஒரு வெள்ளிக் காசைக் கையில் கொடுத்து, இது தேறுமா தேறாதா என்று கேட்டுப் பாருங்கள், என் குரலில் நடுக்கம் இருக்காது. அந்தத் தைரியம் எனக்கு ஒரே ஒரு நாளில், சார்மினாருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி வியாபாரியின் கடையில் வந்தது. அங்கே என்னை அழைத்துப்போனவள் என் தனம் சித்தி.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. செகந்திராபாத்தில் லாலாகூடா ரயில்வே காலனியில், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்குக் கொடுத்திருந்த ஒன்றரை அறை வீட்டில் நாங்கள் இருந்தோம். எங்கள் ஊரில் அந்த நாளில் இரண்டு வகைப் பணம் புழங்கியது. செகந்திராபாத்தில், வெள்ளைக்காரப் பட்டாளமும் ரயில்வேயும் இருந்த பக்கத்தில், ராஜா தலை போட்ட இங்கிலீஷ் ரூபாய். அதற்குக் "கல்தார்" என்று பெயர். நடுவில் இருந்த ஏரியைத் தாண்டி சிட்டிக்குள், அதாவது பழைய ஐதராபாத்துக்குள், போனால் நிஜாமின் ரூபாய், அது "ஹாலி". ஒரு கல்தார் வேண்டுமென்றால் ஒரு ஹாலியோடு இன்னும் சில அணாக்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதனால் மோண்டா மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவர்கள்கூட, என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், "எந்தக் காசு?" என்று கேட்டுக்கொள்வார்கள். குழந்தைகளான எங்களுக்கும் விளையாட்டில் அது வந்துவிடும், புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, ஏமாற்றுகிறவனைப் பார்த்து, "உன்னுது ஹாலிடா!" என்று கத்துவோம்.

தனம் சித்தி அம்மாவின் தங்கை. வேலூரில் வாழ்க்கைப்பட்டு, இருபத்து மூன்று வயதுக்குள் தாலியறுத்து, குழந்தையும் இல்லாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெட்டிக்குள் நாலு புடவையும், அவற்றின் அடியில் ஒரு சுருக்குப் பையும் இருந்தன. அந்தப் பைதான் அவளுடைய பாகம்.

சித்தியின் மாமனார் வாலிபத்தில் ஐதராபாத்துக்கு வந்து, சிட்டியில் ஒரு ஜாகீர்தாரின் மாளிகை வேலைக்குக் கட்டட மேஸ்திரியாக இருந்து, சம்பாதித்ததை வெள்ளியாகவே வேலூருக்குக் கொண்டுபோனவர். அதில் ராணி தலை போட்ட ரூபாயும் இருந்தது, பழைய நிஜாம் ரூபாயும் இருந்தது. ராணி ரூபாய்களுக்கு அந்த வீட்டில் ராஜோபசாரம். அவற்றை லட்சுமி என்று பூஜை அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப் போடுவார்கள். நிஜாம் ரூபாயோ, காசில் சார்மினார் படம்கூட வராத காலத்தது. மெஷின் அச்சு இல்லாமல் சுத்தியலால் அடித்தது. தடித்து, வட்டமும் ஒழுங்காக இல்லாமல், இரண்டு பக்கமும் உருது எழுத்தாகவே இருக்கும். முகமே இல்லாத காசு எப்படி லட்சுமியாகும் என்று அதைப் பையில் கட்டிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்கள். தொட ஆளில்லாமல் அது கரிக்கட்டை போலக் கறுத்துப் போயிருந்தது.

சித்தப்பா இறந்து பாகம் பிரித்தபோது, அவருடைய அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று சொல்கிறவர், பளபளக்கிற ராணி ரூபாய்களை எல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ நிஜாம் ஊர்ல இருக்கிற உங்க அக்கா வூட்டுக்குத்தானே போற, இது அங்கதான் செல்லும்" என்று கறுப்புப் பையைச் சித்தியிடம் தள்ளினாராம். ஆடி கழிந்ததும் தாமே வந்து அவளைத் திரும்ப அழைத்துப் போவதாகவும் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் இரண்டு வேளையும் இருபது இலை விழும். சமைக்கிறவள் சொந்தக்காரியாக இருந்தால் சம்பளம் கிடையாது.

"அங்க திரும்பிப் போனா நான் மனுசி இல்லக்கா, அடுப்பு" என்று சித்தி அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, கத்தரிக்காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

எதிர் வரிசையில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, ரயில் கார்டின் குடும்பம் இருந்தது. அவர் மனைவியை நாங்கள் "மிஸ்ஸியம்மா" என்போம். அவர்களுக்கு மாற்றல் வந்துவிட்டது. தன்னுடைய கைத் தையல் மெஷினை விற்றுவிட்டுப் போக நினைத்த மிஸ்ஸியம்மா, தன் பிள்ளைகளின் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சித்தியைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் பணம் கொண்டுவந்தால் உனக்கு, இல்லாவிட்டால் ரெஜிமெண்டல் பஜார் டெய்லருக்கு என்று சொல்லிவிட்டாள். பணம் கல்தாராக வேண்டும் என்றும் சொன்னாள். காலனியில் தைக்கத் தெரிந்த பெண்பிள்ளை வேறு யாரும் இல்லை. டெய்லரிடம் அளவு கொடுக்கக் கூசுகிற பெண்கள் வரிசைக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். மெஷின் வந்தால் சித்தி இங்கே இருந்துவிடலாம், வராவிட்டால் வேலூர் அடுப்பு. பையில் இருந்த காசு முழுவதும் நல்ல விலைக்குப் போனால் மெஷினுக்குச் சரியாக வரும், கொஞ்சம் குறைந்தாலும் எட்டாது.

ஜெனரல் பஜாரில் ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் பையை முழுதாக அவிழ்க்கக்கூட விடாமல், இது செல்லாத பழைய ஹாலி, வெள்ளி எடைக்குத்தான் போகும், சிட்டியில் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சிட்டிக்குப் போவது என்று முடிவாயிற்று.

அதற்கு முதல்நாள் மத்தியானம் சித்தி மிஸ்ஸியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா பையை அவிழ்த்தாள். "இந்தக் கரியைக் கொண்டுபோய் நீட்டினா எவன்டி மதிப்பான்? ஜெனரல் பஜார்க்காரன் மொகத்த சுளிச்சதே இதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கைப்பிடி புளியை ஊறவைத்து, செங்கல்லை உடைத்துப் பொடி பண்ணி, முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். எங்கள் வீடுகளில் எந்த நல்ல காரியத்துக்கு முன்னாலும் பாத்திரம் துலக்குவதுதானே முதல் வேலை? அம்மாவின் தேங்காய்நார் போகிற வேகத்தில் புளித்தண்ணீர் மசிபோல ஓடிற்று. ஒவ்வொரு காசும் கறுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலாத் துண்டாக வெளியே வந்தது. ஓரம் ஓரமாக, விரல் நகம் தேய, சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். சித்தி திரும்பி வந்தபோது பாதிக் காசு வெளுத்திருந்தது, அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்குதுக்கா. போதும், கை போயிடும்" என்றாள் சித்தி. வெளுத்ததைத் தனி முடிச்சாகவும் கறுப்பைத் தனி முடிச்சாகவும் கட்டிக்கொண்டாள்.

சித்திக்கு வேலூர்த் தமிழைத் தவிர வேறு பேச்சு வராது. எனக்குப் பள்ளிக்கூடம் நின்றாலும் தெரு நிற்கவில்லை, ஆகையால் ஆமாம் என்பதற்கு "ஹவ்", வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்று அந்த ஊர்த் தக்கனி உருதுப் பேச்சுத் தண்ணீராக வரும். அதனால் பேசுவதற்கு என்னை அழைத்துப் போனாள். அப்சல்கஞ்சில் பஸ்ஸை விட்டிறங்கிப் ஆற்றுப் பாலத்தில் நடந்தபோது, பை அறுந்தால் என்ன செய்வது, ஆற்றில் விழுந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே கவலை. சித்தியின் இடுப்பையே பார்த்துக்கொண்டு நடந்து, எதிரே வந்த அத்தர் வியாபாரியின் மேல் முட்டிக்கொண்டேன்.

அந்த வெள்ளி வியாபாரி ஒரு சேட்; அவர் கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை, அதன் மேல் ஒரு சிறு தராசு, பக்கத்தில் வழவழப்பான ஒரு கருங்கல். சேட் பருத்த மனிதர். அவசரம் என்பதே அறியாதவர். சித்தி முதலில் கறுப்பு முடிச்சை அவிழ்த்தாள். அவர் ஒரு காசை எடுத்தார், பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடி, தெருவை வேடிக்கை பார்த்துவிட்டு, திறந்து முகர்ந்தார். அப்புறம் கல்லின்மேல் போட்டார். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு காதுக்குள் நிற்குமே, அப்படி ஒரு நீண்ட, மெல்லிய சத்தம். பிறகு நகத்தால் ஓரத்தைச் சுற்றி வந்தார். இப்படியே ஒவ்வொன்றாக. "அஸல்" என்றார். அசல் வெள்ளி, நல்ல பழைய அடிப்பு, என்று நான் சித்திக்குச் சொன்னேன். அவர் சொன்ன விலையும் நாங்கள் நினைத்திருந்ததற்குக் குறையவில்லை.

சித்தி பெருமையாக இரண்டாவது முடிச்சை அவிழ்த்தாள். மெத்தையின் மேல் அம்மாவின் நிலாத் துண்டுகள் மின்னின. சேட்டின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கைக்கு கிஸே?" என்றார். ஏன் தேய்த்தீர்கள்?

சுத்தம் பண்ணினோம் என்றேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து ஓரத்தைக் காட்டினார். செங்கல் பொடி போட்ட கீறல்கள், ஓரம் முழுக்கப் புதிதாக, பளிச்சென்று. அவர் சொன்னதை நான் சித்திக்குச் சொன்னேன்: இது கையால் அடித்த காசு, புதுக் காசுபோல ஓரத்தில் வரிவரியாகப் பல் கிடையாது. அதனால் திருடர்கள் இதன் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி வெள்ளிப் பொடியைச் சேர்த்துக்கொண்டு, ராவின தடம் தெரியாமலிருக்க முழுக் காசையும் இப்படித்தான் தேய்த்துக் கொண்டுவருவார்கள். கறுப்புக் காசின் ஓரத்தில் இருக்கிற அழுக்கு ஐம்பது வருஷத்து அழுக்கு. அதை யாரும் தொடவில்லை என்பதற்கு அந்த அழுக்குத்தான் சாட்சி. இதற்கு என்ன சாட்சி?

"அட பாவமே, சாட்சிய எங்கக்கா கழுவி ஊத்திட்டாளா!" என்றாள் சித்தி.

வெள்ளையை உருக்கித்தான் எடுப்பேன், கறுப்பின் விலையில் பாதிதான் என்றார் சேட். பாதி விலை என்றால் மெஷின் இல்லை. சித்தியைப் பார்த்தேன். அவள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுப்ப ஒரு தட்டுல வைக்கச் சொல்லுடி. வெள்ளைய ஒரு தட்டுல."

சேட் தட்டுக்கு ஒரு காசாக வைத்தார். முள் ஆடி ஆடி நடுவில் நின்றது. வேறு இரண்டை மாற்றிப் போட்டார். அதிலும் மயிரிழைதான் வித்தியாசம். எடை சரி, ஓரம் ராவவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் உடனே இன்னொன்றைப் பிடித்தார்: உள்ளே மட்டமான உலோகத்தை வைத்து மேலே வெள்ளி போர்த்துகிறவர்களும்தான் மூட்டுத் தெரியாமலிருக்கத் தேய்ப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பயந்தவள் கண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பது என் அனுபவம். "சித்தி, கறுப்ப எல்லாத்தையும் கல்லுல போட்டுப் பாத்தாரு. இதுல ஒண்ணக்கூடப் போடல" என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு வெள்ளைக் காசை எடுத்துக் கல்லின்மேல் போட்டாள். அதே நீண்ட சத்தம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சேட்டுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

"சத்தத்தை நம்பமாட்டேன். வெட்டிப் பார்க்கட்டுமா?" என்று உளியை எடுத்து மெத்தையில் வைத்தார். அதைப் பார்த்ததும் பலபேர் காசை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் போலிருக்கிறது. எங்களையும் அப்படித்தான் எதிர்பார்த்தார்.

"சொல்லுடி" என்றாள் சித்தி. "அவரே எடுத்து வெட்டட்டும். உள்ள வெள்ளி இல்லாட்டி இந்தப் பையே அவருக்கு, கறுப்பும் சேர்த்து. வெள்ளியா இருந்தா கறுப்பு வெலைதான் வெள்ளைக்கும். வெட்டினதுக்கும் முழு வெலை குடுக்கணும், துண்டு ரெண்டும் எனக்கே."

"வேணாம் சித்தி! ஒங்க மாமனாரையே எவனாவது ஏமாத்தியிருந்தா?"

"எம் மாமனாரு செங்கல்லயே தட்டித் தட்டிக் கேட்டு வாங்கினவரு. நீ சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சேட் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குவியலைக் கலைத்து, அடியிலிருந்து ஒன்றை உருவி, ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து உளியை நிறுத்தினார். முதல் அடியில் காசு குதித்தது. இரண்டாவது அடியில் பள்ளம் விழுந்தது. மூன்றாவதில் இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு என் மடியில் வந்து விழுந்தது. நான் அதைத் திருப்பிப் பார்க்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். சித்திதான் எடுத்து வெட்டுவாயைப் பார்த்தாள். தேங்காய்ப் பத்தை மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெண்மை.

"ஹவ்" என்றார் சேட்.

விலையைக் கல்தாராக எண்ணி வைத்தார். சித்தி அதை அப்படியே வாரிக்கொள்ளவில்லை. அவருடைய கல்லை அவர் முன்னாலேயே தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் கொடுத்த ஒவ்வொரு ரூபாயையும் போட்டுப் போட்டுக் காது கொடுத்தாள். ஒன்று மொத்தென்று விழுந்தது. அதை ஒரு விரலால் அவரிடம் தள்ளி, "நக்கோ" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் தக்கனி வார்த்தை அது. சேட் வயிறு குலுங்கச் சிரித்து, அதை மாற்றிக் கொடுத்துவிட்டு, "இந்த அம்மாளே ஒரு கடை போடலாம்" என்றார்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் நின்று, துண்டுகளில் ஒன்றை என் கையில் வைத்து மூடி, "இது உன் வாய்க்கூலி" என்றாள். மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள்: "தேய்ச்சதப் பத்தி அக்காகிட்ட மூச்சு விடாத."

வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். பட்டினி கிடந்து முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். "என்ன ஆச்சு தனம்?"

"ஒன் வெள்ளையப் பாத்து சேட்டு கண்ணக் கொட்டலக்கா. அப்படியே கை நின்னுபோச்சு அவருக்கு. கேளு இவள."

ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய்யும் இல்லையே!

சனிக்கிழமை மெஷின் வந்தது. ஆடி கழிந்து பெரிய மாமா வந்தபோது சித்தி மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "வாங்க மாமா. பத்து நாளைக்கு ரவிக்க இருக்குது, நிமிர நேரமில்ல" என்றாள். அவர் காப்பி குடித்தார், கைப்பிடி சுற்றுகிறதையே கொஞ்ச நேரம் பார்த்தார், சாயங்கால வண்டிக்குத் தனியாகப் போனார். போகும்போது அப்பாவிடம், ராணி ரூபாய் எல்லாம் முகமே தெரியாமல் தேய்ந்துவிட்டதால் வேலூர்க் கடைகளில் எடைக்குறைவு என்று கழிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டாராம். பிற்பாடு அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அம்மா மட்டும் தன் புளியும் செங்கல் பொடியும்தான் அந்த விலையை வாங்கிக் கொடுத்தது என்று கடைசிவரை நம்பினாள். காலனியில் யாராவது பழைய வெள்ளி விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், "கொண்டாங்க, நான் தேய்ச்சுத் தரேன், என் கை ராசி" என்று கிளம்பிவிடுவாள். சித்தி மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி, "அக்காவுக்குக் கை எரியும், நீங்க அப்படியே எடுத்துப் போங்க" என்று தடுத்துவிட்டு வருவாள். ஒரு தடவைகூட உண்மையைச் சொன்னதில்லை.

நிஜாம் ஆட்சி போயிற்று, சில வருஷங்களில் ஹாலியும் போயிற்று. "எந்தக் காசு?" என்று கேட்க இன்று மார்க்கெட்டில் ஆளில்லை, கல்லில் காசைப் போட்டுக் காது கொடுக்கிற கடையையும் நான் பார்த்து வெகு காலமாகிறது. மிஸ்ஸியம்மாவின் வரிசையை இடித்து அடுக்கு வீடு கட்டிவிட்டார்கள். சித்தி அந்த மெஷினாலேயே உப்பலில் ஒரு துண்டு நிலம் வாங்கி, வீடு கட்டி, அந்த வீட்டிலேயே கண்ணை மூடினாள். அவள் முடிந்துகொண்ட துண்டு எங்கே போயிற்றோ, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

போன மாதம் என் பேத்தி என்னைப் பழைய நாணயக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். என் அரைக் காசை அங்கே ஒரு இளைஞர் பூதக்கண்ணாடியில் வைத்து மரியாதையாகப் பார்த்தார். நல்ல பழைய அடிப்பு, அபூர்வமானதுதான், ஆனால் வெட்டுப்பட்டிருக்கிறது என்றார். "அதுகூடப் பரவாயில்ல பாட்டிம்மா, ஓரம் பூரா பாருங்க, யாரோ கண்டபடி தேய்ச்சுக் கீறி வச்சிருக்காங்க. இந்தக் கீறல் மட்டும் இல்லேன்னா இதுக்கு ஒரு விலை சொல்லுவேன்" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். வீட்டுக் கண்ணாடியில் தெரியாததெல்லாம் அதில் தெரிந்தது. நிஜாமின் எழுத்துக்களைச் சுற்றி, மேலும் கீழுமாக, பிறகு வளைத்து, விரல் எரிய எரிய அம்மா தேய்த்த ஒவ்வொரு இழுப்பும் அப்படியே இருந்தது.

இது விற்பதற்கில்லை என்றேன். குரல் நடுங்கவில்லை. காசைக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே வந்து, கை சூடேறும்வரை நின்றுவிட்டு, திறந்து முகர்ந்து பார்த்தேன்.